செருப்புச் சத்தம்

பிள்ளையார்பாளையத்தை ஒட்டியுள்ள அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்தவர்கள் எவரையேனும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலப் பாட்டு மறந்திருக்கும். அல்ஜீப்ரா அடியோடு மறந்திருக்கும். 'தப்பிக்கிற ஆட்டம்' மட்டும் மறந்திராது. பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவரும், ஆட்டோ ஓட்டுகிறவரும், சென்னைக்குப் போய்க் கணினி தட்டுகிறவரும் அந்தப் பேச்சை எடுத்தவுடன், "நான் சைக்கிள் ஷெட் வரைக்கும் போயிட்டேன், அங்கதான் மாட்டிக்கினேன்" என்று தொடங்கிவிடுவார்கள்.

அந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் டேனியல் சார். சரித்திரப் பாடநூலில் அமெரிக்க அடிமைகளைப் பற்றிச் சில வரிகளே இருந்தன. தெற்குத் தோட்டங்களிலிருந்து ஓடியவர்கள் பகலில் பதுங்கி, இரவில் துருவ நட்சத்திரத்தை நோக்கி நடந்து, இரக்கமுள்ளவர் வீடுகளில் ஒளிந்து ஒளிந்து வடக்கே விடுதலை அடைந்தார்கள் என்று அவர் எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, வகுப்பறையையே பருத்தித் தோட்டமாக்கினார். மதிலோரத்து வேப்பமரம் விடுதலை பூமி. நெசவாளர் வீட்டுப் பையன் கொண்டுவந்த ஜரிகைத் துண்டு அட்டை நட்சத்திரத்தின் மேல் சுற்றப்பட்டு வேப்பங்கிளையில் தொங்கிற்று. தண்ணீர்த் தொட்டியும் சைக்கிள் கொட்டகையும் ஒளிவதற்குரிய வீடுகள். தோட்டத்து மாஸ்டரோ அவருடைய காவல்காரனோ தொட்டுவிட்டால் மீண்டும் தோட்டத்துக்குத் திரும்பவேண்டும். 'மாஸ்டர்' என்னும் சொல்லுக்கு அவர் 'ஆண்டை' என்றே தமிழ் சொன்னார். எசமான் என்றால் சினிமாவில் வருகிறவர். ஆண்டை என்றாலோ பிள்ளைகளில் பலர் தத்தம் வீட்டிலேயே கேட்டிருந்த சொல்.

முதல் ஆண்டு, யார் எந்தப் பக்கம் என்பதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கே விட்டார். ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே, அவர்கள் தெருவாரியாகப் பிரிந்து நின்றார்கள். டேனியல் சார் அதைக் கண்டார். பிறகு சாக்பீஸ் பெட்டியைக் காலி செய்து அதில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். விழுந்த சீட்டை மாற்றலாகாது என்பது அன்றிலிருந்து ஆட்டத்தின் விதியாயிற்று.

அந்தக் குலுக்கலில் கலந்துகொண்டவர்களுள் ஒருத்தி கிரேஸ். அவளுக்கு அடிமைச் சீட்டு விழுந்தது. மணி அடித்ததும் எல்லாரும் வாசலைத் தாண்டிப் பாய்ந்தார்கள். பாய்ந்த வேகத்தில் நின்றும் போனார்கள். வகுப்பறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவது அப்பள்ளியின் வழக்கம். உயிரைக் காத்துக்கொள்ள ஓடுகிறவர்கள் என்பதை மறந்து, அத்தனை பேரும் குனிந்து தம் தம் ஜோடியைத் தேடினார்கள். "டேய், அது என்னுதுடா", "உன்னுது வாரு அறுந்தது" என்று அங்கே ஒரு சந்தையே கூடிவிட்டது. காவல்காரர்கள் நிதானமாக வந்து ஒவ்வொருவர் முதுகையும் தொட்டார்கள்.

கிரேஸ் மட்டும் நிற்கவில்லை. அவளுக்குச் செருப்பே இல்லை.

நட்சத்திரத்தைப் பறித்துக்கொண்டு வந்தவளுக்கு வகுப்பு முழுவதும் கை தட்டியது. அவளுக்கோ அந்தக் கைதட்டல் சுருக்கென்றது. இல்லாமையால் கிடைத்த வெற்றியன்றோ? மாலையில் வீட்டுக்கு வந்து, நைனா என்று அவள் அழைக்கும் தகப்பனிடம் விம்மினாள். நைனா சிட்டிபாபு சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். அன்றைக்கு முழங்கை வரை அரக்கு நிறமாக இருந்தார். கேட்டுவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

"ஓடறதுக்கு எதுக்குமா செருப்பு? நடக்கறதுக்குத்தான் செருப்பு" என்றார். அதன்பின் அவர் சொன்னது அதுவரை அவள் கேட்டறியாத கதை. மறுநாள் அதை அவள் டேனியல் சாரிடம் சொல்ல, அவர் வகுப்பின் முன் நிறுத்திச் சொல்லச் செய்தார். அந்நாள் தொட்டு, ஆட்டம் முடிந்ததும் அந்தக் கதை என்பது வழக்கமாகிவிட்டது. டேனியல் சார் ஓய்வு பெற்றார். பிறகு இறைவனடி சேர்ந்தார். கிரேஸ் அதே பள்ளியில், அதே அறையில், சரித்திர ஆசிரியையானாள். நட்சத்திரத்தின் ஜரிகை பலமுறை மாறிற்று. சாக்பீஸ் பெட்டி மாறவில்லை.

இந்த ஆண்டு கிரேஸ் ஓய்வு பெறும் ஆண்டு. குலுக்கியதில் ஆண்டைச் சீட்டு அருள் என்னும் பையனுக்கு விழுந்தது. மறுவாரமே தலைமை ஆசிரியர் இராமலிங்கம் அவளை அழைத்து அனுப்பினார். அறையில் அருளின் தாய் துர்கா உட்கார்ந்திருந்தாள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தலைவி அவள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர்" என்று தொடங்கினாள் துர்கா. "பையன் சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கறான். வேன்ல வர பசங்க, 'ஆண்டே, இப்பிடி உக்காருங்க ஆண்டே, ஜன்னலைத் தொறக்கட்டுங்களா ஆண்டே'ன்னு கிண்டல் பண்றாங்களாம். எங்க ஊர்ல இப்ப யாரும் யாரையும் அப்பிடிக் கூப்பிடறதில்ல. மறந்துபோனதை எதுக்குத் திரும்ப எடுக்கணும்?"

"பசங்களைக் கூப்பிட்டுச் சொல்றேம்மா."

"அது வேணாம், இன்னும் ஜாஸ்தியா பண்ணுவாங்க. அவனை அடிமைப் பக்கம் மாத்திடுங்களேன். அவனே அழுதுக்கினு கேக்கறான்."

"சீட்டை மாத்தறதில்லைம்மா. மாத்த ஆரம்பிச்சா எல்லாரும் அந்தப் பக்கமே வந்துடுவாங்க. அப்புறம் யாருகிட்டேருந்து தப்பிக்கறது?"

இராமலிங்கம் சிரித்துவிட்டு, சிரித்தது தகுமா என்று துர்காவைப் பார்த்தார். பிறகு நடுவர் போலச் சொன்னார்: "அம்மா, நீங்களே வந்து உக்காந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னு தோணிச்சின்னா இந்த வருஷத்தோட நிறுத்திடலாம். டீச்சரும் மே மாசம் ரிடையர் ஆயிடறாங்க. சரின்னு சொன்னீங்கன்னா, அடுத்து வரவங்களை எடுத்து நடத்தச் சொல்றேன்."

துர்கா ஒப்புக்கொண்டாள். கிரேசும் தலையசைத்தாள். ஆனால் அவளுடைய நெஞ்சில் ஏறி உட்கார்ந்த பாரம் ஆட்டத்தைப் பற்றியதன்று. ஆட்டத்துக்குப் பின் சொல்லும் கதையைப் பற்றியது.

கூரத்துக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில், மாடிவீடு என்று பெயர் பெற்ற வீடு துர்காவினுடையது. அவளுடைய தாத்தா காலத்தில் சிட்டிபாபு படி நெல்லுக்கு உழைக்கும் படியாளாக இருந்ததும் அதே மாடிவீட்டில்தான். அருள் பள்ளியில் சேர்ந்த அன்றே கிரேஸ் அதை அறிந்துகொண்டாள். எவரிடமும் வாய் திறக்கவில்லை. இப்பொழுது அந்த வீட்டுப் பெண்ணைப் பின்பெஞ்சியில் வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்வதா? சொன்னால் பையனின் முகம் இன்னும் வாடும்; தாய் எழுந்து போவாள்; ஆட்டத்துக்கு அன்றே கடைசி மணி. சொல்லாமல் விட்டால் ஆட்டம் நிலைக்கும். ஆனால் கதையில்லாத ஆட்டம் வெறும் கண்ணாமூச்சி.

வீட்டில் சிட்டிபாபு கட்டிலில் சாய்ந்து, டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மங்கிய பிறகு அதுவே அவருக்கு வசதியாகிவிட்டது. கையில் ஏறிய சாயம் மட்டும் நகக்கண்களில் இன்னும் மங்காமல் இருந்தது. கிரேஸ் அவர் காதருகே குனிந்தாள்.

"நைனா, மாடிவீட்டுப் பொண்ணு கிளாசுக்கு வராங்க. கதையைச் சொல்லட்டுமா?"

"உன் கதையா, என் கதையா?"

"உன்னுதுதான்."

"சொல்லு. ஊர் பேர் ஆள் பேர் வச்சிச் சொல்லாத. அந்த மனுசன் செத்துப்பூட்டாரு. பதில் சொல்லமுடியாதவங்களை இழுத்து வச்சி நாம ஒண்ணு பேசக்கூடாது."

"அவங்க கோச்சிக்கினா?"

"கோச்சிக்கினா எழுந்து போவாங்க. காலு இருக்குது இல்ல?" என்று கூறிவிட்டு அவர் டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாசி மாதத்து வெயில் சாயத் தொடங்கிய பிற்பகலில் ஆட்டம் நடந்தது. துர்கா பின்பெஞ்சியில் கைப்பையை மடிமேல் வைத்துக்கொண்டு, தேர்வு எழுத வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். காகிதத்தில் செய்த ஆண்டைத் தலைப்பாகை அருளின் காது வரை இறங்கியிருந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் வாசலைத் தாண்டினார்கள். ஆண்டுதோறும் நிகழ்வதுபோலவே செருப்புகளின் நடுவே நின்றுபோனார்கள். அமெரிக்கா என்ன, துருவ நட்சத்திரம் என்ன, காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு வாசலில் விட்ட செருப்பை விட்டுப் போக மனம் வருவதில்லை. கிரேசுக்கு உதட்டோரம் சிரிப்பு அரும்பியது. அந்தக் குனிந்த முதுகுகளுக்கு நடுவே, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்த மெலிந்த பெண்ணொருத்தி அவள் கண்ணுக்கு ஒவ்வோர் ஆண்டும் தென்படுவாள்.

ஆனால் இம்முறை ஒருவர் முதுகையும் எவரும் தொடவில்லை. அருள் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தான். ஆண்டை அசையாததால் காவல்காரர்களும் அசையவில்லை.

முதலில் முறையிட்டவள் அடிமைப் பக்கத்துச் சுகாசினி. "டீச்சர், இவன் புடிக்கவே மாட்டேங்கறான். ஆட்டம் செல்லாது."

"போறதுன்னா போங்க" என்றான் அருள் சுவரைப் பார்த்தபடியே.

"டேய், நீயா வுட்டா அது தப்பிக்கறதா? ஒழுங்கா ஆண்டையா இருடா."

"எனக்கு வேணாம்."

"வேணாமா? எனக்கு மட்டும் அடிமைன்னு வேணும்னா வந்துச்சி? சீட்டுல வந்ததுதானே? உனக்கு ஒரு நாளைக்குத் தலைப்பாகை கனக்குதா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அருளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்பெஞ்சியில் துர்கா குனிந்து கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியதைக் கிரேஸ் கண்டாள்.

"மறுபடி மணி அடிங்க டீச்சர்" என்றான் அருள், தலைப்பாகையை ஏற்றிக்கொண்டு.

இரண்டாம் முறை அவன் ஆண்டையாகவே இருந்தான். செருப்புக் குவியலின் நடுவே நின்றுகொண்டு, குனிந்தவர்களையெல்லாம் தட்டி உள்ளே அனுப்பினான். சுகாசினி மட்டும் ஓடுகிற ஓட்டத்திலேயே தன் செருப்பை இரண்டு கையிலும் வாரிக்கொண்டு, தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து, கொட்டகையில் குனிந்து, கடைசியில் வேம்படியைத் தொட்டாள். தொட்டதும் நட்சத்திரத்தைப் பறிக்கவில்லை. செருப்பைத் தரையில் போட்டு, நிதானமாகக் காலை நுழைத்துக்கொண்டு, அதன் பிறகே கையை உயர்த்தினாள்.

செருப்பைக் கையில் பிடித்த அந்தக் கோலத்தைக் கண்டபோது கிரேசின் தயக்கம் போய்விட்டது. எல்லாரும் உள்ளே வந்து, வியர்வையைத் துடைத்து, தண்ணீர் குடித்து அமர்ந்தபின் அவள் கதையைத் தொடங்கினாள். ஊர்ப் பெயரோ வீட்டுப் பெயரோ சொல்லவில்லை.

"ஒரு ஊர்ல ஒரு படியாள் இருந்தாரு. அவங்க அப்பாவும் அதே வீட்ல படியாள், தாத்தாவும் அப்படித்தான். அந்த வீட்டுத் தெருவுல அவங்க செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. தெருமுனை வந்தா கழட்டிக் கையில புடிச்சிக்கணும். கருட சேவைக்குக் கூட்டத்தோட கூட்டமா காஞ்சிபுரம் வந்தவரு, ஒரு ஜோடி டயர் செருப்பு வாங்கினாரு. அதை வைக்கோல் போர்ல ஒளிச்சி வச்சாரு. கெளம்பறப்ப வேற எதையும் எடுத்துக்கல. ஒருநாள் காலையில, எல்லாரும் முழிச்சிருக்கற நேரமாப் பாத்து, செருப்பைப் போட்டுக்கினு அந்தத் தெருவுல இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் நடந்தாரு."

"ராத்திரியில போயிருக்கலாமே டீச்சர்?" என்றது ஒரு குரல்.

"நான்கூட அதைத்தான் கேட்டேன். ராத்திரியில போனா ஓடிப்போனான்னு சொல்லுவாங்க, பகல்ல போனா போனான்னு சொல்லுவாங்கன்னாரு. வீட்டு வாசல்ல ஆண்டை சாய்வு நாற்காலியில உக்காந்திருந்தாரு. இவரு அவரைத் தாண்டினாரு. தாண்டினதும் பின்னால நாற்காலி கிறீச்சுன்னுது. அடிக்கத்தான் எழுந்து வராருன்னு முதுகு கூசிச்சாம். ஆனா திரும்பிப் பாக்கல. ஏரிக்கரை ஏறி, ஊர் மறைஞ்ச பிறகுதான், செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சிக்கினு ஓடினாரு. அப்படி ஒரு ஓட்டம். பிள்ளையார்பாளையத்துல வந்துதான் நின்னாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஆண்டுதோறும் கேட்கப்படும் கேள்வி இந்த ஆண்டும் வந்தது. "அந்த ஆண்டை ஏன் டீச்சர் தொரத்தல?"

கிரேஸ் ஆண்டுதோறும் தரும் விடையையே தந்தாள். "தெரியலப்பா. நடந்தவரு திரும்பிப் பாக்கல இல்ல."

அப்பொழுது அருள் எழுந்தான். "டீச்சர், இது எங்க வீட்ல சொல்றதுமாதிரி இருக்குது. யாராவது சும்மா எழுந்து நின்னா, 'யாரு செருப்புப் போட்டுக்கினு போறா?'ன்னு கேப்பாங்க. டிவி பாக்கறப்ப நான் எழுந்தாக்கூட அம்மா கேக்கும்."

எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின. துர்கா எழுந்து நின்றிருந்தாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்ததை அறிந்தவள் போல, பெஞ்சியைப் பிடித்துக்கொண்டாள். கிரேஸ் மேசை விளிம்பைப் பற்றினாள். இனி அவள் வெளியேறுவாள் என்றே எண்ணினாள்.

துர்கா வெளியேறவில்லை. மெல்லிய குரலில், பிள்ளைகளைப் பார்த்தே சொன்னாள்:

"எங்க தாத்தாவைப் பத்தி வீட்டுப் பொம்பளைங்க பண்ற கிண்டல் அது. ஒருநாள் ஒரு படியாள் செருப்புப் போட்டுக்கினு வாசல்ல நடந்து போனாராம். தாத்தா எழுந்து நின்னுட்டாராம். கோவத்துல எழுந்தாருன்னு எல்லாரும் நெனச்சாங்களாம். தடியை எடுத்துக் குடுக்க ஆள்கூட ஓடி வந்தானாம். இவரு கை நீட்டலையாம். அந்தச் செருப்புச் சத்தம் கேட்டுக்கினு இருந்த வரைக்கும் அப்படியே நின்னுட்டு, அப்புறம் உக்காந்து மோர் கேட்டாராம். ஏன் எழுந்தீங்கன்னு கேட்டா, 'தெரியல, எழுந்துட்டேன்'னு சொல்லுவாராம். சாகற வரைக்கும் அதையே சொல்லிக் கேலி பண்ணினாங்க. நாங்க அதை ஒரு வேடிக்கையாத்தான் வச்சிருந்தோம். நடந்து போனவர் யாருன்னு யாரும் கேட்டதில்ல."

சுகாசினி கையைத் தூக்கி, "அப்ப உங்க தாத்தா பெயிலா பாஸா ஆண்ட்டி?" என்றாள்.

"எனக்குத் தெரியலமா" என்றாள் துர்கா.

மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்த பிறகு, இருவரும் வாசலில் செருப்புத் தேடினார்கள். தன்னுடையதைக் காலில் மாட்டிக்கொண்டே துர்கா கேட்டாள்: "அவரு உங்களுக்கு என்ன வேணும் டீச்சர்?"

"எங்க நைனா."

துர்காவின் கால் பாதிச் செருப்பில் நின்றது. "இருக்காரா?"

"இருக்காரு. காதுதான் மந்தம்."

துர்கா தலையசைத்தாள். படியிறங்கிச் சிறிது தூரம் போய்த் திரும்பி வந்தாள். "தலைமை ஆசிரியர்கிட்ட சொல்லிடறேன், அடுத்த வருஷமும் நடக்கட்டும். ஆனா ஒண்ணு. எங்க தாத்தா எழுந்ததையும் சேத்துச் சொல்லணும். நல்லதுன்னும் சொல்ல வேணாம், கெட்டதுன்னும் சொல்ல வேணாம். எழுந்தாருன்னு மட்டும் சொன்னா போதும்."

"சொல்லச் சொல்றேம்மா" என்றாள் கிரேஸ்.

அன்று மாலை அவள் சுற்றுவழியாகவே வீட்டுக்கு நடந்தாள். தெருவின் இருமருங்கிலும் தறிகள் தட்டிக்கொண்டிருந்தன. டேனியல் சார் தம் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பிள்ளைகளோடு பேசிக்கொண்டே வந்த தெரு அது. 'ஆண்டை ஏன் துரத்தவில்லை?' என்று முதன்முதலில் கேட்டவர் அவர்தாம். இன்று விடை கிடைத்தது. அவர் இருந்திருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார்.

நைனா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் காதருகே குனிந்து, துர்கா சொன்னதை ஒன்றுவிடாமல், உரத்த குரலில் சொன்னாள். அவர் லோட்டாவைக் கீழே வைக்கவில்லை.

"எழுந்து நின்னாராமா?"

"ஆமா நைனா."

"வெத்தல துப்பறதுக்கு எழுந்திருப்பாரு" என்று கூறி மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தார்.

கிரேஸ் சிரித்துக்கொண்டு உள்ளே போய், விளக்கேற்றி, சோற்றுக்கு உலை வைத்தாள். அரிசி களைந்துகொண்டிருக்கையில் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"கிரேசு, நெஜமாவே எழுந்தாராமா?"

"நெஜமாதான்."

"எம்மா நேரம் நின்னாராம்?"

"செருப்புச் சத்தம் கேக்கற வரைக்கும்."

அவர் தம் பாதங்களைக் குனிந்து பார்த்தார். டிவியில் யாரோ ஓசையின்றி வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதுபோல அவர் சொன்னார்:

"டயர் செருப்புமா அது. ரொம்ப தூரம் கேக்கும்."